துயரைத் தவமாக்கிய குரல்

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு பிறந்தவர் கே.பி.சுந்தராம்பாள். வறுமையின் காரணமாகச் சிறுமிப் பருவத்திலேயே இரயிலில் பாடிப் பொருள் ஈட்டினார். அக்குரலே அவரை நாடக மேடைக்கு அழைத்துச் சென்றது. ஒலிபெருக்கியற்ற அக்காலக் கொட்டகைகளில் கடைக்கோடி வரை எட்டிய குரல் அது.

1922இல் புதுவையில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் அவரும் எஸ்.ஜி.கிட்டப்பாவும் இணைந்து புகழ்பெற்றனர். மேடையில் இணைந்தவர்கள் வாழ்விலும் இணைந்தனர். 1933இல் கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளாடை உடுத்தார், இனி எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார்.

காதல் நாயகி வேடங்கள் அத்துடன் முடிந்தன. பாட்டு முடியவில்லை. 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண்வேடம் ஏற்று, ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். 1953இல் ஔவையார் ஆனார். 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள் ஆனார். சட்ட மேலவை உறுப்பினர் பதவியும், 1970இல் பத்மஸ்ரீ விருதும் அவரை நாடி வந்தன. 1980இல் மறைந்தார்.

ஔவையின் திருமுகத்தைக் கண்டவர் எவருமிலர். ஆயினும் அப்பெயரைக் கேட்டவுடன் தமிழர் நெஞ்சில் தோன்றுவது சுந்தராம்பாளின் முகம். ஒலிப்பது அவர் குரல். இளமையில் ஏற்ற துறவே அப்பெரும் புலவரின் வடிவமாக நிலைத்தது.