சம்பளத்தோடு தொழில் கற்றுக்கொடுத்த தோமாஷ் பாட்டா

பள்ளி திறக்கும் காலம் வந்தால் தோட்டத்து வீடுகளில் முதலில் கணக்குப் பார்ப்பது சப்பாத்துக்குத்தான். வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தைக் கழுவி, வெள்ளை பூசி, வெயிலில் காயவைத்த நினைவு நம்மில் பலருக்கு உண்டு. அதில் பதிந்திருந்த ‘பாட்டா’ என்பது ஒரு குடும்பப் பெயர். அந்தப் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றவர், ஏழைப் பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுத்துத் தொழில் கற்றுத்தந்தவரும் ஆவார்.

தோமாஷ் பாட்டா 1876 ஏப்ரல் 3ஆம் தேதி, இன்றைய செக் குடியரசில் உள்ள ஸ்லீன் என்ற சிற்றூரில் பிறந்தார். பல தலைமுறைகளாகச் சப்பாத்து தைத்த குடும்பம் அது. அவரும் தந்தையின் பட்டறையிலேயே தொழில் பழகினார். 1894இல் அண்ணன் அந்தோனின், அக்காள் அன்னா இருவருடனும் சேர்ந்து சொந்தத் தொழில் தொடங்கினார்.

அடுத்த ஆண்டே கடன் கழுத்தை நெரித்தது. தோல் வாங்கப் பணமில்லை. கையிலிருந்த கன்வஸ் துணியில் சப்பாத்து தைத்தார். விலை குறைவு, எடையும் குறைவு. அது விற்றது, தொழிலும் பிழைத்தது.

1904இல் தம் தொழிலாளர் மூவரை அழைத்துக்கொண்டு அமெரிக்கா சென்றார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில் காலணித் தொழிற்சாலைகள் மிகுதி. அங்கே வேடிக்கை பார்க்கும் முதலாளியாக நிற்காமல், கூலிக்கு வேலை செய்து இயந்திரத் தொழிலைக் கற்றுத் திரும்பினார்.

முதல் உலகப் போரில் இராணுவத்துக்குக் காலணி தயாரித்து நிறுவனம் வளர்ந்தது. போருக்குப் பின் மக்கள் கையில் பணமில்லாதபோது, 1922இல் காலணி விலையைப் பாதியாகக் குறைத்தார். மறு ஆண்டு ஸ்லீன் நகர மேயரானார்.

பகலில் வேலை, மாலையில் வகுப்பு

ஆலை பெருகியது, பயிற்சி பெற்ற ஆட்கள் போதவில்லை. 1925இல் பாட்டா வேலைப் பள்ளியைத் தொடங்கினார். பதினான்கு வயதை எட்டிய பையன்கள் சேர்க்கப்பட்டார்கள். பகலில் தொழிற்சாலை வேலை, மாலையில் பாடம், இரவில் விடுதி. இப்படி மூன்றாண்டுகள்.

முக்கியமான செய்தி இதுதான்: தொடக்கத்திலிருந்தே அவர்களுக்குச் சம்பளம் உண்டு. சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் அதிலிருந்தே கட்டினார்கள். மீதியைச் சேமித்து, வரவு செலவுக் கணக்கும் எழுத வேண்டும். வீட்டிலிருந்து காசு கேட்க வேண்டியதில்லை. பிள்ளையின் கூலியை நம்பியிருந்த குடும்பமும் அவனைப் படிக்க அனுப்ப முடிந்தது. 1929இல் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வந்தது.

கட்டுப்பாடும் கடுமைதான். விடியுமுன் எழ வேண்டும்; குடி, புகை கூடாது; விடுதி அறையும் சோதிக்கப்படும். தொழிற்சங்கத்தை அவர் விரும்பவில்லை. தொழிலாளரின் சொந்த வாழ்க்கையிலும் நிறுவனம் தலையிடுகிறது என்ற கண்டனம் அவர் காலத்திலேயே எழுந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆனால் அங்கே பயின்றவர்கள் பலர் மேலாளர்களாகி வெளிநாடுகளுக்குச் சென்றார்கள். ஏழைத் தச்சரின் மகன் எமில் சாட்டோபெக்கும் அங்கே பயின்றவரே. தொழிற்சாலை நடத்திய ஓட்டப் போட்டியில் விருப்பமில்லாமல் கலந்துகொண்ட அவர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார்.

மலாயா வரை

ரப்பர் அடி போட்ட காலணிக்கு நம் மண்ணின் பால் தேவைப்பட்டது. சிங்கப்பூரில் 1931இல் பாட்டா கால் பதித்தது. 1932 ஜூலை 12ஆம் தேதி காலை, மூடுபனியில் புறப்பட்ட விமானம் விழுந்து தோமாஷ் பாட்டா 56 வயதில் மறைந்தார். அப்போது அவரிடம் 16,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். கிள்ளானில் தொழிற்சாலை எழுந்தது 1937இல்.

மலேசியாவிலும் வேலையிடத்திலேயே பயிற்சி தரும் தேசிய இரட்டைப் பயிற்சி முறை 2005 முதல் இருக்கிறது. ஆனாலும் எஸ்பிஎம் முடித்த பிள்ளை தொழிற்சாலைப் பயிற்சிக்குப் போகிறேன் என்றால், பல வீடுகளில் முகம் வாடுகிறது. முகம் வாடுவதைவிட மூன்று கேள்வி கேட்பது நல்லது. பயிற்சிக் காலத்தில் சம்பளம் எவ்வளவு? முடிவில் எந்தச் சான்றிதழ்? அதை வைத்து அடுத்த படிக்கு ஏற முடியுமா? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், பிள்ளையைத் தயங்காமல் அனுப்பலாம்.