பிரித்துப் பூட்டிய பெருமகன் ஜி.டி.நாயுடு
(இரண்டாமாண்டு, ஆட்டோமொபைல் இன்ஜினியரிங்)



ஆண்டு மலருக்கு ஆட்டோமொபைல் பிரிவிலிருந்து ஒருத்தனாவது எழுதணும் என்று சங்கச் செயலாளர் அண்ணன் பிடித்துக்கொண்டபோது, ஜி.டி.நாயுடுவைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கோயமுத்தூரில் எவனைக் கேட்டாலும் அதைத்தானே எழுதுவான் என்று ஹாஸ்டல் நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். இருக்கட்டும். எனக்கு அவரைப் பற்றி எழுதத் தோன்றியது ஒரு ஹீட்டர் கோரினால்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறேன். ஆயுத பூஜை லீவில் குன்னூரிலிருந்து ஒரு பழைய மோரிஸ் மைனர் வந்தது. கண்ணாடி உள்பக்கம் புகை படிந்த மாதிரி மங்குகிறது, காலடியில் ஈரம், ரேடியேட்டரில் தண்ணி குறைகிறது, ஆனால் இன்ஜினுக்குக் கீழே ஒரு சொட்டு இல்லை. மிஸ்திரி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஹீட்டர் கோர் ஓட்டை.

நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு என்று கேட்பீர்கள். மலை மேல் மார்கழிக் குளிருக்கு அது வேணும். இன்ஜினைச் சுற்றிச் சூடாகி வரும் தண்ணியில் கொஞ்சம் ஒரு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற குட்டி ரேடியேட்டருக்குப் போகும். ஒரு சின்ன ஃபேன் அதன் வழியே காற்றைத் தள்ளும். வீணாய்ப் போகிற சூட்டில் உள்ளே இருக்கிறவர்கள் குளிர் காய்வார்கள், அவ்வளவுதான். ஊருக்குள்ளேயே ஓடுகிற வண்டியாக இருந்தால் இரண்டு ஹோஸையும் ஒன்றாக இணைத்துவிட்டு, கோரை மறந்துவிடுவார்கள். இது குன்னூர் வண்டி, அப்படிச் செய்ய முடியாது.

கழற்றும் வேலை எனக்கு வந்தது. தண்ணியை வடித்தேன், கிளிப்பைத் தளர்த்தினேன். ஹோஸ் வரவில்லை. வருஷக்கணக்காக ஒட்டிப்போன ரப்பர். பலம் கொண்ட மட்டும் முறுக்கி இழுத்தேன். ஹோஸோடு பித்தளைக் குழாயும் பிய்ந்து கையில் வந்துவிட்டது. ஹோஸைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுத்திருக்க வேண்டும். புது ஹோஸ் வாங்கிக்கொள்ளலாம், அந்தக் கோர் லேசில் கிடைக்காது. மிஸ்திரி என்னைத் திட்டவில்லை. கம்முனு போய் டீ குடிக்க ஆரம்பித்தார். அதுதான் எனக்கு வெசனமாகிவிட்டது.

அதே மாசம்தான் எனக்குக் கணக்கில் இரண்டாவது தடவையாக அரியர் விழுந்தது. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான். அப்பா தறி ஓட்டுகிறார், ஃபீஸ் கட்டுவதற்கு எருமைக் கன்றை விற்றார். தீபாவளிக்கு வந்த ஒறம்பரை ஒருத்தர், படிப்பை விட்டுட்டு ஒர்க்‌ஷாப்பிலேயே முழு நேரமாகச் சேரட்டும், நாயுடு என்ன காலேஜ் போயா இத்தனையும் செய்தார் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அதை இரண்டு நாள் மனசில் வைத்திருந்து என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நாயுடு எப்படித்தான் வாழ்ந்தார் என்று அப்பறம்தான் தேடிப் படித்தேன்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ல் சூலூர்ப் பக்கம் களங்கல் கிராமத்தில் பிறந்தவர். எங்கள் ஊருக்கு அது அப்படியொன்றும் தூரமில்லை. விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவேயில்லை, ஆரம்பப் படிப்போடு நிறுத்திக்கொண்டார். ஒறம்பரை சொன்னதில் இந்தப் பாதி உண்மைதான்.

அந்த நாளில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் களங்கல் பக்கம் வந்தாராம். மாடு இழுக்காமல், காலால் மிதிக்காமல் ஒரு வண்டி ஓடுவதை நாயுடு முதல் தடவையாகப் பார்த்தார். வாங்கக் கையில் காசு இல்லை. கோயமுத்தூர் வந்து ஒரு ஓட்டலில் சர்வராக வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டு, தண்ணி வைத்து, வருஷக்கணக்காகச் சம்பளத்தைச் சேர்த்து அந்த மாதிரி வண்டியையே வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றப் போகவில்லை. அதை அக்கு அக்காகப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டினார். வண்டி ஓடியது.

இந்தக் கதையை எல்லாரும் பிரித்தார் என்கிற இடத்தில் கைதட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பிரிப்பது யாருக்கும் வரும், எனக்கும் வந்தது. எந்த போல்ட் எந்த ஓட்டையில் இருந்தது, எது கையால் வரும், எதைக் கீறித்தான் எடுக்கணும் என்று பார்த்துப் பார்த்து வைத்திருந்தால்தான் வண்டி திரும்ப ஓடியிருக்கும். சொல்லித்தர ஆள் இல்லாமல் அவர் அதை எப்படிச் செய்தார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

நடுவில் அவருக்கு ஒரு சறுக்கலும் உண்டு. முதல் உலகப்போர்க் காலத்தில் திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் நல்ல பணம் பார்த்தவர், பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரத்தில் அதைத் தொலைத்தார். ஊர் திரும்பியவருக்குக் கோவையில் தொழில் நடத்திய ஸ்டேன்ஸ் துரை கைகொடுத்தார். அந்தக் கடனோடு 1920-ல் ஒரே ஒரு பஸ். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை அவரே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் யு.எம்.எஸ். என்கிற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸாக வளர்ந்தது. நேரம் தவறாது என்று பேர் வாங்கிய கம்பெனி.

அப்பறம் அவர் கை வைக்காத சாமான் இல்லை. பேட்டரியில் ஓடும் ரேசன்ட் ஷேவிங் ரேசரை ஜெர்மனியில் தயாரிக்க வைத்தார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் எலெக்ட்ரிக் மோட்டாரைக் கோவையில் செய்தார். இன்றைக்குப் பீளமேட்டிலிருந்து கணபதி வரைக்கும் சந்துக்குச் சந்து மோட்டார், பம்பு பட்டறை இருப்பதற்குத் தொடக்கம் அதுதான். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார், விலை 2,000 ரூபாய் அளவில். அரசாங்கம் லைசென்ஸ் தராததால் அது அப்படியே நின்றுபோனது. பப்பாளி, பருத்தி என்று தோட்டத்திலும் அவருடைய பரிசோதனை நடந்திருக்கிறது. அது நம் பாடமில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல வந்த இடம் 1945. படிக்காத இந்த மனிதர் அந்த வருஷம் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு இன்ஜினியரிங் காலேஜும் தொடங்கினார். மதராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் பேரில் தொடங்கியது. காலேஜ் பிற்பாடு தடாகம் ரோட்டுக்குப் போய் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியாகிவிட்டது. ஆனாலும் அவினாசி ரோட்டில் கண்டக்டர் இன்னும் ஹோப் காலேஜ், ஹோப் காலேஜ் என்றுதான் கத்துகிறார். தினமும் அங்கே ஏறி இறங்குகிற நம்மில் எத்தனை பேருக்கு அது யார் பேர் என்று தெரியும்? எனக்கும் இந்த வருஷம்தான் தெரியும்.

அங்கே முதல்வராக உட்கார்ந்தவரும் அவரே. ஆனால் நிலைக்கவில்லை. இன்ஜினியரிங் படிப்புக்கு நாலு வருஷம் வீண், இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் விலகிவிட்டார். இதில் அவரோடு எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. அவரைப் போல ஒரு தடவை பிரித்தாலே விளங்குகிறவர்களுக்கு இரண்டு வருஷம் போதும். என்னை மாதிரி குழாயைப் பிய்க்கிறவனுக்கு? அதுவும் அவர் கையில் சர்ட்டிபிகேட் கேட்க ஆளில்லை, அவரே முதலாளி. தறிக்காரர் மகனிடம் கேட்பார்கள்.

ஆனாலும் ஒறம்பரைக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது. நாயுடு படிக்கவில்லை என்பது நிஜம். கையில் காசு வந்ததும் மற்ற பசங்கள் படிக்கக் கல்லூரி கட்டினார் என்பதும் நிஜம். சண்டை போட்டது எத்தனை வருஷம் என்பதற்குத்தான், படிப்பே வேண்டாம் என்று அல்ல. பொங்கலுக்கு அப்பாவை அவினாசி ரோட்டில் உள்ள ஜி.டி.நாயுடு கண்காட்சிக்குக் கூட்டிப் போனேன். 2015-ல் தொடங்கிய கார் மியூசியத்தையும் காட்டினேன். 1974-ல் காலமான மனிதரைப் பற்றி இத்தனையும் சொல்லி, ஹோப் காலேஜ் கதையையும் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், அரியர் பரீட்சைக்கு எவ்வளவு கட்டணும், எப்போ கட்டணும் என்று கேட்டார்.

ஹீட்டர் கோரை ரேடியேட்டர் கடை அண்ணன் பழைய ஈயத்தைச் சுரண்டி, குழாயைப் புதுசாகப் பற்றவைத்துக் கொடுத்தார். தொட்டித் தண்ணியில் முக்கிக் காற்றடித்துப் பார்த்தோம், ஒரு குமிழி வரவில்லை. திரும்பப் பூட்டும் வேலையையும் மிஸ்திரி எனக்கே கொடுத்தார். புது ஹோஸ், புது கிளிப், தண்ணி ஊற்றி உள்ளே இருந்த காற்றை வெளியேற்றி, இன்ஜினை ஓடவிட்டேன். வெளியே வெயில் கொளுத்துகிறது, நான் வேர்க்க வேர்க்க உள்ளே உட்கார்ந்து ஹீட்டரில் கையை நீட்டிக்கொண்டிருந்தேன்.