மூன்று மணி நேரம் பனியில் நின்றவர்!



இன்று வீட்டில் இருக்கும் கைப்பேசியைத் தொட்டால் போதும், ஒரு நொடியில் புகைப்படம் தயார். பிடிக்கவில்லையா? அழித்துவிட்டு இன்னொன்று எடுக்கலாம். ஆனால், ஒரே ஒரு படத்துக்காகக் கொட்டும் பனியில் மூன்று மணி நேரம் நின்ற ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ்.

1864-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், அமெரிக்காவில் ஹோபோகன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய கம்பளி வியாபாரி. மகன் பொறியாளர் ஆகட்டும் என்று பெர்லின் நகரில் படிக்க வைத்தார். மகனோ அங்கே ஒரு கேமராவை வாங்கினார். அத்தோடு இயந்திரப் படிப்பு பின்னுக்குப் போய்விட்டது! வோகல் என்ற வேதியியல் பேராசிரியரிடம் புகைப்படக் கலையின் நுட்பங்களைக் கற்றுக்கொண்டு, 1890-இல் நியூயார்க் திரும்பினார்.

நியூயார்க்கின் குளிர்காலம் எப்படி இருக்கும் தெரியுமா? பனி என்றதும் மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்கும் பனித்துளியை நினைத்துவிடாதீர்கள். அங்கே தண்ணீர் கல்லாக உறைந்துபோகும். வானத்திலிருந்து வெண்பஞ்சு போலப் பனி கொட்டும். பலத்த காற்றும் சேர்ந்துகொண்டால், எதிரே வருபவர் முகம்கூடத் தெரியாது.

1893-ஆம் ஆண்டு பிப்ரவரி 22. அப்படிப்பட்ட பனிப்புயல் நாள் அது. ஸ்டீக்லிட்ஸ் நண்பரிடம் ஒரு சிறிய கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு, ஐந்தாம் அவென்யூ என்ற பெரிய சாலைக்குப் போனார். அக்காலத்தில் தேர்ந்த கலைஞர்கள், முக்காலியில் நிறுத்தும் பெரிய கேமராவைத்தான் மதிப்பார்கள். கையில் பிடிக்கும் கேமரா என்றால் அவர்களுக்கு இளக்காரம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அப்போது பிலிமுக்குப் பதிலாக, ரசாயனம் பூசிய கண்ணாடித் தகட்டில்தான் பெரும்பாலும் படம் பதிவார்கள். நல்ல படம் விழ நிறைய வெளிச்சம் வேண்டும். புயல் நாளிலோ வெளிச்சமே குறைவு. அதிக நேரம் ஒளியை உள்ளே விட்டால், ஓடும் குதிரை கலங்கிப்போகும். குறைத்தால் படமே கறுத்துப்போகும். ஒரு தகட்டில் ஒரு படம்தான். அவசரப்பட்டால் தகடு வீண்! அதனால் அவர் காத்திருந்தார். ஒரு மணி ஆயிற்று, இரண்டு மணி ஆயிற்று. மூன்று மணி நேரத்துக்குப் பின், பனியில் பதிந்த சக்கரத் தடங்களின் வழியே ஒரு குதிரை வண்டி அவரை நோக்கி வந்தது. வண்டிக்காரர் சாட்டையை வீச, அந்தக் கணத்தில் கேமராவை இயக்கினார்.

நெகட்டிவைப் பார்த்த சங்க நண்பர்கள் சிரித்தார்கள். கலங்கலாக இருக்கிறது, தூக்கி எறி என்றார்கள். அவர் எறியவில்லை. தேவையற்ற ஓரங்களை விட்டுவிட்டு, வேண்டிய பகுதியை மட்டும் பெரிதாக்கி அச்சிட்டார். சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அதே 1893-இல் அவர் எடுத்த இன்னொரு படம்தான் எனக்கு அதிகம் பிடித்தது. குதிரைகள் இழுக்கும் டிராம் வண்டி, கடைசி நிறுத்தத்தில் நிற்கிறது. ஓடி வந்த குதிரைகளின் சூடான உடலிலிருந்து, குளிர்ந்த காற்றில் ஆவி எழுகிறது. வண்டிக்காரர் அவற்றுக்குத் தண்ணீர் காட்டுகிறார். ஜெர்மனியை விட்டு வந்ததிலிருந்து ஸ்டீக்லிட்ஸுக்கு நியூயார்க் ஒட்டவே இல்லை, தனிமையில் வாடினார். இந்தக் குதிரைகளைக் கவனிக்கவாவது ஒரு மனிதர் இருக்கிறாரே என்று அப்போது அவருக்குத் தோன்றியதாம்.

1898-இல் அவர் செய்ததுதான் வேடிக்கை. நிமோனியா காய்ச்சல் வந்து படுத்திருந்தவர், இரவில் பனி கொட்டியதைப் பார்த்ததும், உடுப்பின் மேல் உடுப்பாக அணிந்துகொண்டு, முக்காலியும் கேமராவுமாக நள்ளிரவுக்குப் பின் வெளியே போய்விட்டார்! பனி மூடிய மரங்களையும் தெரு விளக்குகளையும் படமெடுத்து வந்தார். (நீங்கள் இப்படிச் செய்து, உங்கள் அம்மாவிடம் என்னை மாட்டிவிடாதீர்கள்!)

1902-இல் நியூயார்க்கில் ஃபிளாட்அயர்ன் என்ற முக்கோண வடிவக் கட்டடம் எழுந்தது. அடுத்த ஆண்டே பனிப் பின்னணியில் அதைப் படமெடுத்தார். இந்த அவலட்சணத்தில் என்ன இருக்கிறது என்று அவருடைய தந்தைக்கு வியப்பு. மகனுக்கோ அது தன்னை நோக்கி வரும் பெரிய கப்பலின் முகப்பாகத் தெரிந்தது.

இத்தனை பாடுபட்டும், அக்கால ஓவியர்கள் பலர் புகைப்படத்தைக் கலை என்று ஒப்புக்கொள்ளவில்லை. இயந்திரம் செய்யும் வேலைதானே என்றார்கள். ஸ்டீக்லிட்ஸ் விடவில்லை. 1903-இல் 'கேமரா ஒர்க்' என்ற இதழைத் தொடங்கினார். 1905-இல் ஐந்தாம் அவென்யூ 291-ஆம் எண் கட்டடத்தில் படக்கூடமும் திறந்தார். இதழுக்குத் தொடக்கத்தில் ஏறக்குறைய ஆயிரம் சந்தாதாரர்கள். 1917-இல் நிறுத்தியபோது, நாற்பது பேர்கூட இல்லை. படக்கூடமும் அதே ஆண்டில் மூடப்பட்டது.

அப்படியானால் தோற்றுவிட்டாரா? இங்கேதான் நமக்கு உறவான ஒருவர் வருகிறார். கொழும்பில் தமிழரான முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி! நடராசர் திருவுருவத்தின் பெருமையை உலகுக்கு எடுத்துச் சொன்ன அறிஞர் இவர். பாஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தில், இந்தியக் கலைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். தாமும் புகைப்படம் எடுப்பவர் என்பதால், ஸ்டீக்லிட்ஸின் அருமை அவருக்குத் தெரிந்தது. அருங்காட்சியகத்துக்குச் சில படங்கள் தரும்படி அவர் கேட்டார். அந்த முயற்சியால், 1924-இல் 27 படங்கள் அங்கே கலைப்பொருள்களாக ஏற்றுக்கொள்ளப்பட்டன. அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகம் ஒன்று புகைப்படங்களுக்கு அந்த இடத்தைக் கொடுத்தது அந்நாளில் பெரிய செய்தி.

1946-ஆம் ஆண்டு ஜூலை 13-இல் ஸ்டீக்லிட்ஸ் காலமானார். அவர் மனைவி ஜார்ஜியா ஓகீஃப் புகழ்பெற்ற ஓவியர். கணவர் தம் கையால் அச்சிட்டு வைத்திருந்த படங்களில் மிகப் பெரிய தொகுப்பை, 1949-இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்கு வழங்கினார்.