ஓடுவதன் பெயர் காடி

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வளர்ந்த நமக்குக் 'காடி' என்றால் மகிழுந்து. தமிழ்நாட்டில் யாரிடமாவது காடி வாங்கப் போகிறேன் என்றால், ஊறுகாய் போடவா என்று கேட்பார்கள். ஆனால் இந்தியில் வண்டிக்குக் காடி என்றே பெயர். அச்சொல்லைத் தலைப்பில் தாங்கி 1958ஆம் ஆண்டு வெளிவந்த நகைச்சுவைப் படம் 'சல்தி கா நாம் காடி'. ஓடுவதன் பெயர் காடி என்பது அதன் பொருள். அதில் நடித்த கிஷோர் குமாரைப் பாடகராக மட்டுமே இன்றைய மாணவர்கள் அறிந்திருப்பார்கள். என் பாட்டிக்கு இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆயினும் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்து மனிதர் அல்லவா, கிஷோர் குமாரை அவருக்கு நன்றாகத் தெரியும்.

கிஷோர் 1929 ஆகஸ்டு 4ஆம் நாள் மத்திய இந்தியாவிலுள்ள கண்டுவா என்னும் ஊரில் ஒரு வங்காளி வழக்கறிஞரின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஆபாஸ் குமார் கங்குலி. மூத்த அண்ணன் அசோக் குமார் இவரைவிடப் பதினெட்டு வயது பெரியவர். தம்பிக்கு விவரம் தெரியும் முன்பே அவர் பம்பாயில் புகழ்பெற்ற கதாநாயகன். நடுவில் இன்னோர் அண்ணன் அனூப். சைகலின் பாடல்களைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த கிஷோர், யாரிடமும் முறையாகச் சங்கீதம் பயிலவில்லை. பாடகராக வேண்டும் என்பது அவர் ஆசை. நடிகராக வேண்டும் என்பது அண்ணனின் விருப்பம். 1948இல் 'சித்தி' என்ற படத்தில் பாடும் வாய்ப்புக் கிடைத்தாலும், அண்ணனின் விருப்பமே பல ஆண்டுகள் வென்றது.

இந்தக் காலத்தில்தான் அவர் நம்மவர்களிடம் வந்து சேர்ந்தார். சென்னையில் ஏவி.எம். நிறுவனம் இந்தியில் எடுத்த படங்களில் நடித்தார். 'மிஸ்ஸியம்மா'வில் தங்கவேலு செய்த வேடத்தை, 1957இல் வந்த 'மிஸ் மேரி'யில் செய்தவர் கிஷோர்தான். அதற்கு முந்தைய ஆண்டில் வந்த 'நியூ டெல்லி' படத்தில், வாடகைக்கு அறை கிடைப்பதற்காகத் தமிழராக வேடமிடும் வடநாட்டு இளைஞராக வந்தார். இன்று பார்த்தாலும் அந்த வேடம் நம்மைப் புண்படுத்துவதில்லை. யாரையும் இழிவுபடுத்தாமல் சிரிக்க வைப்பது எளிதான வேலையா என்ன?

இனி நம் காடிக்கு வருவோம். சத்யேன் போஸ் இயக்கிய அப்படத்தில் கதை மிகச் சிறியது. பம்பாயில் வண்டி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றை மூன்று சகோதரர்கள் நடத்துகிறார்கள். மூவராகவும் நடித்தவர்கள் உண்மையான மூன்று சகோதரர்களே. காதலில் ஏமாந்ததாக எண்ணும் மூத்தவர், பட்டறைக்குள் பெண் வாடையே கூடாது என்கிறார். மழை பெய்யும் ஓர் இரவில், பழுதான வண்டியோடு மதுபாலா வந்து நிற்கிறார். இளையவரான கிஷோர் தூக்கக் கலக்கத்தோடு பழுதுபார்க்கிறார். அந்தப் பெண்ணோ கூலியைக் கொடுக்காமலே போய்விடுகிறார். ஐந்து ரூபாய் பன்னிரண்டு அணா! அதை வாங்கித் தீருவது என்று கிளம்புவதில் காதல் பிறக்கிறது. சகோதரர்களிடம் ஒரு கிழட்டு வண்டி இருக்கிறது. 1928ஆம் ஆண்டுச் செவர்லே என்பார்கள். அது பம்பாய்ச் சாலைகளில் ஊளையிட்டுக்கொண்டே ஓடும், பந்தயத்திலும் இறங்கும். இன்றைய பந்தயப் படங்களில் வண்டிகள் வெடித்துச் சிதறுகின்றன. இங்கோ, வண்டி உருப்படியாக வீடு வந்து சேருமா என்பதுதான் கவலை. பாட்டி, பேரன் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கலாம்.

வருமான வரித் தொல்லையால் நட்டக் கணக்குக் காட்ட விரும்பியே கிஷோர் இப்படத்தைத் தொடங்கினார் என்று சொல்லப்படுகிறது. படமோ பெரும் வெற்றி பெற்றது. வரி வழக்குகள் மட்டும் அவரை நெடுங்காலம் விடவில்லை.

மழையில் வந்த மதுபாலாவை 1960இல் அவர் மணந்தார். மதுபாலாவின் இதயத்தில் பிறவியிலேயே ஓட்டை இருந்தது. இலண்டன் மருத்துவர்கள் அதிக நாள் இல்லை என்று கைவிரித்தார்கள். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் மதுபாலா வாழ்ந்தார். அவற்றில் பெரும்பகுதி படுக்கையில். கிஷோரோ படப்பிடிப்பு, பாட்டு என்று ஓடிக்கொண்டிருந்தார். அவ்வப்போது வந்து பார்த்துச் சென்றார். செலவை ஏற்றார் என்று அவருக்காகப் பரிந்து பேசுவோர் உண்டு. நோயாளிக்குப் பணம் மட்டுமா துணை? இவ்விடத்தில் என் மனம் அவர் பக்கம் சாயவில்லை. 1969 பிப்ரவரி 23ஆம் நாள், 36 வயதில் மதுபாலா மறைந்தார்.

சிரிப்பு நடிகர் என்று பெயரெடுத்த கிஷோர், 1964இல் தாமே தயாரித்து இயக்கிய படத்தில் ஊமைச் சிறுவனின் தந்தையாக நடித்தார். சிறுவனாக நடித்தது முதல் மனைவியின் மகன் அமித். அதே கதைதான் 1966இல் தமிழில் ஜெமினி கணேசன் நடித்த 'ராமு'. நம் வீட்டுப் பெரியவர்கள் 'ராமு'வுக்கு அழுத கண்ணீரில் கிஷோருக்கும் பங்குண்டு.

மதுபாலா மறைந்த அதே ஆண்டில் வெளியான 'ஆராதனா', சிறுவயது ஆசையை நிறைவேற்றி அவரை முன்னணிப் பாடகராக்கியது. நெருக்கடி நிலையின்போது, 1976இல், ஆளுங்கட்சிக்காகப் பாட மறுத்ததால் அவர் குரலை வானொலியிலிருந்தே விலக்கி வைத்தார்கள். அவர் பணியவில்லை. நெருக்கடி நிலை முடிந்த பிறகே தடை நீங்கியது.

மூன்று சகோதரர்களும் 1982இல் 'சல்தி கா நாம் ஜிந்தகி' என்ற படத்தில் மீண்டும் சேர்ந்தார்கள். பழைய காடியின் ஓட்டம் அதில் இல்லை. 1987 அக்டோபர் 13 அசோக் குமாரின் 76ஆவது பிறந்தநாள். அன்றுதான் மாரடைப்பால் கிஷோர் காலமானார்; வயது 58. உடலைக் கண்டுவாவுக்குக் கொண்டுபோய் எரியூட்டினார்கள். மூத்தவரான அசோக் குமார் மேலும் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். அதன்பின் தம் பிறந்தநாளை அவர் கொண்டாடவில்லை என்பார்கள்.