கடைமடையை மறவாத பொறியாளர்

பெங்களூரில் பிழைக்க வந்த தமிழர்கள் சர் எம். விசுவேசுவரய்யாவின் பெயரைக் கேட்காமல் இருக்க முடியாது. கண்ணம்பாடி அணையைக் கட்டியவர் என்று எல்லோரும் அறிவர். அரசாங்க வேலை எதையும் துண்டு துண்டாகப் பாராமல், தலை முதல் கடை வரை ஒரே சங்கிலியாகப் பார்த்தவர் என்பது அதைவிடப் பெரிய சிறப்பு.

1861-ல் சிக்கபள்ளாப்பூர் அருகே முத்தேனஹள்ளியில் பிறந்தார். இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் கிடைத்த பணத்தில் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படித்து, 1881-ல் பி.ஏ. தேறினார். பின்னர் புனாவில் பொறியியல் பயின்று, 1884-ல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளரானார்.

அங்கே தக்காணக் கால்வாய்களில் ஒரு சிக்கல். தலைமடைக்காரர்கள் கரும்புக்கு நீரை இழுத்துக் கொள்ள, கடைமடை காய்ந்தது. விசுவேசுவரய்யா கால்வாயை மட்டும் பார்க்கவில்லை. பயிரையும் மண்ணையும் சேர்த்துப் பார்த்தார். நிலங்களைத் தொகுதிகளாகப் பிரித்து, கரும்பு, குறைந்த நீர் கேட்கும் பயிர், புன்செய்ப் பயிர் என்று மாற்றி மாற்றிச் சாகுபடி செய்யும் திட்டம் வகுத்தார். அதே தண்ணீர் அதிக கிராமங்களை எட்ட வழி பிறந்தது. 1903-ல் கடக்வாஸ்லா அணையில், வெள்ளம் ஏறினால் தாமாகவே திறக்கும் மதகுகளைப் பொருத்தினார். அணையை உயர்த்தாமலே கூடுதல் நீர் தேங்கியது.

1908 செப்டம்பரில் மூசி ஆற்று வெள்ளம் ஐதராபாத்தை அழித்தது. நிஜாம் அரசு அவரை அழைத்தது. நகருக்குள் கரை கட்டினால் மட்டும் போதாது என்று கண்டார். மேலே ஏரிகள் வரிசையாக உடைந்ததே பேரழிவுக்குக் காரணம். நகருக்கு மேற்கே இரு நீர்த்தேக்கங்கள் கட்ட யோசனை கூறினார். உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் அப்படி எழுந்தவை. வெள்ளத்தைத் தடுத்த அதே ஏரிகள் நகருக்குக் குடிநீரும் தந்தன.

1909-ல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளரானார். கோடையில் காவிரி வற்றினால் சிவசமுத்திரத்தில் மின்சாரம் குறையும். தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்த கோலார் தங்கச் சுரங்கம் பாதிக்கப்படும். 1911-ல் பணி தொடங்கிய கண்ணம்பாடி அணை சுரங்கத்துக்கு மின்சாரமும் மண்டியாவுக்குப் பாசனமும் ஒருசேரத் தரத் திட்டமிடப்பட்டது. ஆனால் தஞ்சைப் பாசனம் கெடும் என்று சென்னை அரசு ஆட்சேபித்தது. 1924-ல்தான் உடன்பாடு ஏற்பட்டது. காவிரியின் கடைமடை அடுத்த அரசின் எல்லைக்குள் இருந்ததே அந்த வழக்கின் வேர்.

1912-ல் திவானானார். தொழிலுக்குப் பணம் வேண்டுமென்று 1913-ல் மைசூர் வங்கியும், அறிவு வேண்டுமென்று 1916-ல் மைசூர் பல்கலைக்கழகமும் தோன்றத் துணை நின்றார். அரசு வேலைகளில் பிற்பட்ட வகுப்பாருக்கு இடஒதுக்கீடு என்ற பேச்சு எழுந்தபோது, தகுதி ஒன்றே போதும் என்ற கருத்தில் நின்றார்; 1918-ல் பதவி விலகினார். நீர்ப் பங்கீட்டில் கடைமடைக்கு நியாயம் தேடியவர், வேலைப் பங்கீட்டில் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. அவர் வாழ்வில் இன்றும் விவாதிக்கப்படும் இடம் இது.

1955-ல் பாரத ரத்னா பெற்றார். 1962 ஏப்ரல் 14-ல் பெங்களூரில் காலமானார். மேஜைக்கு வரும் ஒரு கோப்பு எங்கிருந்து வருகிறது, யார் வீட்டில் போய் முடிகிறது என்று பார்க்கும் குமாஸ்தாவும் அவர் வழியில் நடப்பவரே.