பாலை கடந்த யுவான் சுவாங்

காஞ்சிமாநகரை அடுத்து, வேகவதி யாற்றின் அருகே திருப்பருத்திக்குன்றம் என்னும் ஊர் உளது. சமண காஞ்சி எனவும் வழங்கும் இவ்வூரில், பல்லவர் காலத்தில் தோன்றிய திரைலோக்கியநாதர் கோயிலும், அதனுள்ளே பழமை வாய்ந்த குராமரம் ஒன்றும் உள்ளன. குராவைப் பாலைக்குரிய மலர் என்பர் நம் புலவர். அவர் கூறிய பாலை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் வளங்குன்றிய நிலமே. மழை பெய்யின் மீண்டும் தளிர்க்கும். மழை அறியாத மணற்பாலை வேறு. அத்தகைய பாலையைக் கடந்து காஞ்சிக்கு வந்த சீனத் துறவியே யுவான் சுவாங்.

அவர் 602ஆம் ஆண்டளவில் லோயாங் நகருக்கு அண்மையில் பிறந்தார். இளமையிலேயே துறவு பூண்டு பௌத்த நூல்களைப் பயின்றார். பயிலப் பயில ஐயம் பெருகிற்று. சீன மொழிபெயர்ப்புகள் தம்முள் மாறுபட்டன. ஆகவே மூலநூல்களை அவை பிறந்த நாட்டிலேயே கற்கத் துணிந்தார். எல்லை கடத்தலாகாது என்பது அந்நாளைய அரசாணை. அதனை மீறி, 629ஆம் ஆண்டளவில் மேற்றிசை நோக்கிப் புறப்பட்டார்.

எல்லைப்புறத்தில் முதியவர் ஒருவர், பாலைவழியே பதினைந்து முறை சென்று மீண்ட தம் மெலிந்த செந்நிறக் குதிரையைக் கொடுத்து, துறவியின் குதிரையைப் பெற்றுக்கொண்டார். மாணவர்கள் இக்கிழக்குதிரையை நினைவில் வைத்துக்கொள்க. வழிகாட்ட வந்தவன் இடையிலே அஞ்சித் திரும்பினான். காவற்கோபுரத்திலிருந்து அம்புகள் பாய்ந்தன. ஆயினும் அதன் தலைவன் துறவியின் நோக்கத்தை அறிந்து உதவி செய்து விடுத்தான்.

அதற்கப்பால் 800 லீ, அஃதாவது ஏறத்தாழ 400 கிலோமீட்டர் பரந்த பெரும்பாலை. பறவை இல்லை, விலங்கு இல்லை, புல்லும் நீரும் இல்லை. அங்கே வழி தவறியதோடு, நீர்த்துருத்தியும் கைந்நழுவி வீழ்ந்தது. பல நாளைக்குரிய நீர் ஒரு நொடியில் மணலிற் சுவறிற்று. துறவி சிறிது தொலைவு வந்தவழியே மீண்டார். இந்தியாவை அடையாமல் கீழ்த்திசை நோக்கி ஓரடியும் வையேன் என்று தாம் பூண்ட உறுதி நினைவுக்கு வந்தது. மீண்டும் மேற்கே திரும்பினார். நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு துளி நீருமின்றிக் கழிந்தன. மனிதரும் குதிரையும் மணலில் வீழ்ந்து கிடந்தனர். ஐந்தாம் இரவில் குளிர்ந்த காற்று வீச, எழுந்து நடந்தனர். திடீரெனக் குதிரை இழுத்த இழுப்புக்கு அடங்காது வேறு திசையில் விரைந்தது. அங்கே பசும்புல் தரையும் தெளிந்த நீர்நிலையும் இருந்தன! கற்றறிந்தார் தவறவிட்ட வழியைக் கிழக்குதிரை அறிந்திருந்தது.

பின்னர்த் துர்பான் பகுதியை ஆண்ட அரசர், அவரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள முயன்றார். துறவி மூன்று நாள் உண்ணாதிருந்தார். அரசர் மனம் இரங்கி, மீளும்போது மூன்றாண்டு தம்மிடம் தங்கவேண்டுமென வாக்குப் பெற்று, 30 குதிரைகளும் 25 ஏவலரும் 500 சுருள் பட்டும் அளித்தார். தனியே ஒளிந்து வந்தவர் இப்போது ஒரு சாத்துடன் சென்றார். அந்நாளில் பட்டு, உடுக்கும் துணி மட்டுமன்று. வழியிலுள்ள மன்னர்க்கு அளிக்கும் காணிக்கையுமாம். ஆயினும் பனிமலையைக் கடக்கையில் உடன்வந்தாருள் பத்தில் மூவரோ நால்வரோ மாண்டனர்.

நாலந்தாவில் சீலபத்திரரிடம் பயின்ற பின், 640ஆம் ஆண்டளவில் காஞ்சியை அடைந்தார். சீலபத்திரரின் ஆசிரியராகிய தருமபாலர் பிறந்த நகர் இது. நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும் எண்பது கோயில்களும் இங்கிருந்தன என்றும், சமணர் மிகுதியாக வாழ்ந்தனர் என்றும் அவர் எழுதிவைத்தார். இலங்கை செல்லும் விருப்பம் நிறைவேறவில்லை. அங்கே அரசர் இறந்ததையும் பஞ்சம் பரவியதையும் அந்நாட்டுத் துறவியர் கூறக் கேட்டுத் திரும்பினார்.

தாயகம் செல்லக் கடல்வழியும் இருந்தது. துர்பான் அரசர்க்குக் கொடுத்த வாக்கின் பொருட்டு, அவர் பாலைவழியையே மேற்கொண்டார். அவ்வரசரோ 640ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். நாடும் சீனப் பேரரசுள் அடங்கிற்று.

அவர் தம் மூட்டைகளில் நூல்களோடு இந்தியப் பூச்செடிகளின் அரிய வித்துகளையும் வைத்திருந்தார். சிந்துவைக் கடக்கும்போது புயல் எழுந்தது. ஐம்பது சுவடிகளும் அவ்வித்துகளும் நீரில் வீழ்ந்தன. பூவித்துடன் அவ்வாற்றைக் கடப்பார்க்கு அவ்வாறே நேரும் என்பது அந்நாட்டார் நம்பிக்கை. சுவடிகளுக்குப் படிகள் எடுக்க ஆள் அனுப்பினார். வித்துகளுக்கு அவ்வழியும் இல்லை.

பாமீர் மலையிலே மரஞ்செடிகள் அரிய. காட்டு வெங்காயம் மிகுதியாக விளைவதால் சீனர் அதனை வெங்காயமலை என்றனர். அங்கே கள்வர்க்கு அஞ்சி ஓடிய அவருடைய யானை நீரில் வீழ்ந்து இறந்தது. கோத்தான் நாட்டில் அவர் கேட்ட கதை ஒன்று காஞ்சி நெசவாளர்க்கு உவப்பளிக்கும்: சீன இளவரசி ஒருத்தி, மணமகளாக வருகையில், பட்டுப்புழு வித்தைத் தலையணியில் மறைத்துக் கொணர்ந்தாளாம். காவலர் எல்லாவற்றையும் சோதித்தனர். அவள் தலையணியைத் தொட அஞ்சினர்.

கோத்தானுக்குக் கிழக்கே மீண்டும் மணற்கடல். நிலத்தடி நீரை வேரால் தேடி, இளஞ்சிவப்பாய்ப் பூக்கும் புதர்கள் சில அப்பாலையின் ஓரங்களில் உண்டு. அவற்றிற்கப்பால், காற்று வழியை அழித்துவிடும். இறந்தாருடைய எலும்புகளே அடையாளம். 645ஆம் ஆண்டில் அவர் தலைநகராகிய சாங்கானை அடைந்தபோது, 657 நூல்களை இருபது குதிரைகள் சுமந்து வந்தன. 664ஆம் ஆண்டில் இறக்கும்வரை அவர் அவற்றைச் சீனத்தில் பெயர்த்தெழுதினார். 75 நூல்கள் முற்றுப்பெற்றன.