கேளாத காதுகளுக்கு ஓர் ஆசிரியர்

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார்னு கேட்டா, அலெக்சாண்டர் கிரகாம் பெல்னு உடனே சொல்லிடுவீங்க. அவர் ஓர் ஆசிரியர் என்பது தெரியுமா?

பெல் 1847இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். அவருடைய அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. பெல் அம்மாவின் நெற்றிக்கு அருகில் வாயை வைத்து, தாழ்ந்த குரலில் பேசுவார். அம்மாவுக்குப் புரிந்துவிடும்!

ஒவ்வோர் ஒலிக்கும் நாக்கும் உதடும் எப்படி அசையும் என்று காட்டும் குறியீடுகளை அவர் அப்பா உருவாக்கினார். கண்ணாடி முன்னால நின்னு அம்மான்னு சொல்லிப் பாருங்க. உதடு ஒட்டுது, இல்லையா?

1871இல் பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போனார். காது கேளாதோர் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்தார். ஜார்ஜ் என்ற 5 வயதுச் சிறுவனுக்கும் பாடம் சொன்னார். எழுத்துகள் எழுதிய கையுறை ஒன்றைச் செய்தார். அந்த எழுத்துகளைத் தொட்டுத் தொட்டு ஜார்ஜுடன் பேசலாம். ஒலிமேல் இருந்த இந்த ஆர்வம்தான் 1876இல் தொலைபேசியைத் தந்தது.

பள்ளியில் சைகை மொழி வேண்டாம், வாய்ப்பேச்சே போதும் என்று பெல் நினைத்தார். காது கேளாதவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. சைகையும் எங்கள் மொழிதான் என்றார்கள். 1922இல் பெல் இறந்தார். இன்று பல குழந்தைகள் பேச்சு, சைகை இரண்டையும் கற்கிறார்கள்.

காது கேளாத நண்பர் உங்க வகுப்புக்கு வந்தா, எப்படிப் பேசுவீங்க?